பாலம் என்றால் பாலமா?

சென்ற வாரம் என் காலை நிகழ்ச்சியில் ஒரு சுலபமான கேள்வி கேட்டேன். "சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைத்த முதல் பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது?" விடை என் கையில் இருந்த தாளில் தயாராக இருந்தது. 1924. உட்லண்ட்ஸ் கடற்பாலம்.

முதலில் அழைத்த அக்கா பட்டென்று "1924" என்றார். கைதட்டல் ஒலியைத் தட்டிவிடக் கை நீட்டினேன். அதற்குள் இரண்டாவது தொலைபேசி விளக்கு மின்னியது.

"தம்பி, அந்த அக்காவுக்குப் பரிசு கொடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா விடை தப்பு."

"எப்படிங்கண்ணே?"

"சரியான விடை 1998. துவாஸ். உட்லண்ட்ஸ்ல இருக்கிறது பாலமே இல்ல. பாலம்னா அடியில தண்ணி ஓடணும்ல? இருபது வருஷமா தினமும் அது மேலதான் வர்றேன். இப்பவும் கம்பெனி பஸ்ல அது மேலதான் நிக்கிறேன். எட்டிப் பார்த்தா அடியில கல்லுதான் தெரியுது."

நேரலையில் மூன்று விநாடி அமைதி. வானொலியில் மூன்று விநாடி என்பது மூன்று வருடம். உடனே ஒரு பாட்டைப் போட்டுத் தப்பித்தேன்.

இதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், நான் உட்லண்ட்ஸ்வாசி. எங்கள் வீட்டு அடுக்களைச் சன்னலைத் திறந்தால் இரண்டு புளோக்குகளுக்கு நடுவே ஜோகூர் பாருவின் உயரக் கட்டடங்கள் தெரியும். வாரம் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போய் வருகிற குடும்பம். அந்த வழி எதனால் ஆனது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று மாலையே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். தோண்டத் தோண்டக் கிடைத்தவற்றைத்தான் இந்த வாரம் உங்களிடம் கொட்டுகிறேன்.

அடிக்கல் நாட்டவில்லை, கொட்டினார்கள்

அந்த அண்ணன் சொன்னது சரி. நாம் கடற்பாலம் என்று அழைப்பது, கடலுக்குள் கல்லைக் கொட்டி எழுப்பிய ஒரு கரை. புலாவ் ஊபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கருங்கற்களைப் படகுகளில் கொண்டுவந்து ஜோகூர் நீரிணையில் கொட்டிக்கொண்டே போனார்கள். வேலை 1919ல் தொடங்கியது. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி தொடக்க விழா. மற்ற கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டுவார்கள். இங்கே கல்லை எங்கே நாட்டுவது? ஆளுநர் லாரன்ஸ் கில்லிமார்ட் தம் கப்பலில் நின்றபடி ஒரு கயிற்றை இழுத்தார். பக்கத்துப் படகில் இருந்த கற்கள் மொத்தமாகக் கடலில் விழுந்தன. அவ்வளவுதான் விழா.

நீளம் 1,056 மீட்டர். செலவு அன்றைய நீரிணைக் குடியேற்ற வெள்ளியில் சுமார் 1.7 கோடி. இத்தனையும் யாருக்காக? முதலில் மனிதர்களுக்காக அல்ல, சரக்குக்காக. சிங்கப்பூரில் 1903லேயே ரயில் உட்லண்ட்ஸ் வரை வந்துவிட்டது. 1909ல் ஜோகூர் ரயில் பாதையும் முடிந்துவிட்டது. நடுவில் ஒரு கிலோமீட்டர் கடல். மலாயாவின் ரப்பரும் ஈயமும் பெட்டி பெட்டியாகப் படகேறிக் கடலைக் கடந்தன. சரக்கு பெருகப் பெருகப் படகுகள் திணறின. கடலையே மேடாக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள்.

என் தாளில் இருந்த 1924ம் முழுசாகச் சரியில்லை. சரக்கு ரயில் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதியே கடந்துவிட்டது. அக்டோபர் 1ஆம் தேதி பயணிகள் ரயில். 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி நடந்தது அதிகாரபூர்வத் திறப்பு விழா மட்டும்.

கரை கட்டிவிட்டதால் இன்னொரு விஷயமும் நடந்தது. நீரிணையின் கிழக்குத் தண்ணீரும் மேற்குத் தண்ணீரும் அங்கே கலப்பதில்லை. இரண்டு பக்கமும் கடலேற்றம் வரும், கல்லில் முட்டும், திரும்பிப் போகும். அடுத்த முறை பேருந்தில் நெரிசலில் நிற்கும்போது இரண்டு பக்கமும் எட்டிப் பாருங்கள். நீங்கள் நிற்பது ஓர் அணை மேல்.

துவாஸில் 1998ஆம் ஆண்டு திறந்த இரண்டாம் இணைப்பு உண்மையிலேயே பாலம். தூண்கள் மேல் நிற்கிறது. நீளம் 1,920 மீட்டர். ஆக, அண்ணனுக்கு முழு மதிப்பெண்.

இல்லை, சற்றுப் பொறுங்கள்.

எனக்கும் அரை மதிப்பெண்

கரையை முழுசாக அடைத்துவிட்டால் படகுகள் எப்படிப் போகும்? அந்தக் கேள்வி அன்றே வந்தது. அதனால் ஜோகூர் முனையில் சிறு கப்பல்கள் கடந்துபோக ஒரு வழி விட்டிருந்தார்கள். அதற்கு மேல் தூக்கித் திறக்கிற ஒரு சின்னப் பாலமும் இருந்தது. ஆக, 1924ல் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் பாலம் என்று சொல்லத்தக்க ஒரு துண்டு இருக்கத்தான் செய்தது. இந்த ஒரு தகவலைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அந்தத் துண்டுக்கு என்ன ஆனது என்று படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி காலை. மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போயிருந்தது. எஞ்சிய படைகள் ஜோகூரிலிருந்து நடந்து சிங்கப்பூருக்குள் வந்தன. கடைசியாக வந்த ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் மிச்சமிருந்த வீரர்கள், அவர்களுடைய பேக்பைப் இசை முழங்க இந்தக் கரையைக் கடந்தார்கள். பிறகு பிரிட்டிஷ்காரர்களே வெடி வைத்தார்கள். தூக்குப் பாலம் சிதறியது. கரையில் சுமார் 70 அடி அகலத்துக்கு ஒரு பிளவு விழுந்தது.

அந்தச் சத்தம் தீவெங்கும் கேட்டது. ராஃபிள்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 18 வயது மாணவர் ஒருவரிடம், அது என்ன சத்தம் என்று கல்லூரி முதல்வர் கேட்டாராம். பிரிட்டிஷ் பேரரசின் முடிவு என்று அந்த மாணவர் பதில் சொன்னாராம். அவர் பெயர் லீ குவான் இயூ.

வெடித்தது சாலை மட்டுமல்ல. ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிநீர் கொண்டுவந்த குழாயும் அதே கரையில்தான் இருந்தது. எதிரியைத் தடுக்க வைத்த வெடி, நம் தண்ணீரையும் வெட்டியது. ஜப்பானியர் கடற்பாலத்துக்குக் காத்திருக்கவில்லை. பிப்ரவரி 8ஆம் தேதி இரவு வடமேற்குக் கரையில் படகில் இறங்கினார்கள். மறுநாள் இரவு கிராஞ்சி. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. தண்ணீர்த் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம்.

லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு, குவீன் ஸ்திரீட்டில் புறப்படும் 170ஆம் எண் பேருந்தில் ஜோகூர் போகிறவர்கள் கிராஞ்சியைக் கடந்துதான் போவார்கள். அங்கே போர் நினைவிடம் இருக்கிறது. அதன் நினைவுச் சுவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு நினைவுச் சின்னம் உண்டு. தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கானது அது. பெரும்பாலும் இந்தியப் படைவீரர்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துப் போங்கள்.

தண்ணீர் இரண்டு பக்கமும் போகிறது

போர் முடிந்து கரை சீரானது. படகுவழி மட்டும் திரும்ப வரவில்லை. குழாய்கள் திரும்ப வந்தன. இங்கேயும் ஒரு வேடிக்கை.

1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை தண்ணீர் எடுக்கலாம். விலை 1,000 கேலனுக்கு 3 காசு, அதாவது மலேசிய சென். அதே ஒப்பந்தப்படி, சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை ஜோகூர் நம்மிடமிருந்து 1,000 கேலனுக்கு 50 சென் விலையில் வாங்கிக்கொள்ளலாம். ஆற்றுத் தண்ணீர் ஒரு விலை, குடிக்கிற தண்ணீர் ஒரு விலை. ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். இரண்டு அரசுகளும் இந்த விலையைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கின்றன.

காணாமல் போன அரை மணி நேரம்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "ஏங்க, இங்க காலை ஆறே முக்காலுக்கும் இருட்டா இருக்கே?"

காரணம், சிங்கப்பூரின் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. நம் தீவு இருக்கிற இடத்தை வைத்துப் பார்த்தால், லண்டன் நேரத்தைவிட ஏறக்குறைய 7 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். 1905லிருந்து அப்படித்தான் இருந்தது. 1933ல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941ல் இன்னும் 10 நிமிடம். ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், 9 மணி. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை.

1981ல் மலேசியா, தீபகற்பத்துக்கும் சாபா, சரவாக்கிற்கும் ஒரே நேரம் வேண்டும் என்று முடிவெடுத்தது. அதாவது 8 மணி. கரையின் அந்தப் பக்கம் ஒரு மணி, இந்தப் பக்கம் ஒரு மணி என்றால் என்ன ஆகும்? சிங்கப்பூரும் உடன் மாறியது. 1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.30 மணிக்குக் கடிகாரம் நேராக 12க்குத் தாவியது. 1982 அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்துவிட்டது.

என் அப்பா அன்றிரவு தொழிற்சாலையில் இரவு வேலை. "அரை மணி நேரம் வேலை செய்யாமலே சம்பளம் வாங்கின ஒரே நாள்" என்று இன்றைக்கும் சொல்வார்.

மலேசியாவுக்குள் நுழைந்த பிறகு சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பலாம்

இது என் நிகழ்ச்சியில் யாருமே நம்பாத தகவல். 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி, ரயில் பயணிகளுக்கான சிங்கப்பூர்க் குடிநுழைவுச் சோதனை தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு மாறியது. மலேசியச் சோதனை மாறவில்லை, தஞ்சோங் பகார் நிலையத்திலேயே இருந்தது. ஆகவே நீங்கள் நகர மையத்தில் மலேசிய அதிகாரியிடம் "உள்ளே வரலாம்" என்று அனுமதி வாங்குவீர்கள். பிறகு ரயிலேறி, சிங்கப்பூருக்குள்ளேயே வடக்கே பயணம் செய்து, உட்லண்ட்ஸில் இறங்கி "வெளியே போகலாம்" என்று இன்னோர் அனுமதி வாங்குவீர்கள். காகிதப்படி, புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். அதன் பிறகு உட்லண்ட்ஸ்தான் கடைசி நிலையம். இப்போது அங்கிருந்து ஜோகூர் பாருவுக்கு ஓடும் சிறு ரயிலுக்குப் பயண நேரம் 5 நிமிடம்தான்.

அத்தானும் அப்பாவும்

என் அத்தை, அப்பாவின் அக்கா, ஜோகூர் பாருவில் வாழ்க்கைப்பட்டவர். மாமா தீவிர ஜோகூர்க் காற்பந்து ரசிகர். அப்பா தீவிர சிங்கப்பூர் ரசிகர். மலேசியக் கிண்ணம் அந்த வீட்டில் ஒரு குடும்பப் பிரச்சினை.

அந்தக் கிண்ணத்துக்கு வயது கடற்பாலத்தைவிட அதிகம். 1921ல் 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் தந்த கிண்ணம் அது. முதல் ஆண்டிலேயே வென்றது சிங்கப்பூர். 1991ல் ஜோகூர் லீக், கிண்ணம் இரண்டையும் வென்றது. மாமா மூன்று வருடம் அதையே பேசினார். 1994ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி ஷா ஆலமில் சிங்கப்பூர் பாஹாங்கை 4-0 என்று வீழ்த்தியது. அப்பாஸ் சாட் மட்டும் மூன்று கோல். அந்த ஆண்டு லீக்கும் நமக்கே. ஆயிரமாயிரம் ரசிகர்கள் இந்தக் கரை வழியாகத்தான் வடக்கே போனார்கள். அதில் அப்பாவும் ஒருவர். திரும்பும் வழியில் விடியற்காலை மாமா வீட்டுக் கதவைத் தட்டி, "அத்தான், 4-0" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் வந்தாராம்.

மறு ஆண்டு சிங்கப்பூர் அந்தப் போட்டியைவிட்டு விலகிவிட்டது. "பயந்து ஓடிட்டீங்க" என்று மாமா 25 வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி கிருமித்தொற்றால் எல்லை மூடப்பட்டது. நாளுக்குச் சுமார் 3 லட்சம் பேர் கடந்த வழி. முந்தைய இரவு, வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பல்லாயிரம் மலேசியர்கள் பையும் கையுமாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் காலை எங்கள் சன்னலிலிருந்து கேட்டுப் பழகிய மோட்டார்சைக்கிள் இரைச்சல் இல்லை. அந்த அமைதி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அந்த ஆண்டு ஜூலையில் மாமா இறந்தார். மாரடைப்பு. தனிமைப்படுத்தும் விதிகளைக் கடந்து அப்பா போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. முடிந்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். உட்லண்ட்ஸ் நீர்முகப்புப் படகுத்துறையின் முனை வரை நடந்தார். எதிரே ஜோகூர் பாரு. இடது பக்கம் காலியான கடற்பாலம்.

"எவ்வளவு தூரம்டா இருக்கும்?" என்று கேட்டார்.

வானொலிக்காரன், எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பவன். அன்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு கிலோமீட்டர் இருக்கும்பா" என்றேன்.

"நடந்தா கால் மணி நேரம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை முழுமையாகத் திறந்தது. மறுநாள் காலை அப்பா போனார். மாமா படத்துக்கு மாலை போட்டுவிட்டு, மெல்ல "4-0 அத்தான்" என்றார். அழுதுகொண்டிருந்த அத்தை சிரித்துவிட்டார்.

கடைசியில் ஒரு பாலம்

உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில் பாதை, தூண்கள் மேல் கடலிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் நீரிணையைக் கடக்கிறது. மொத்தப் பாதை 4 கிலோமீட்டர். பயணம் சுமார் 5 நிமிடம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை போகலாம். இரண்டு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அடியில் தண்ணீர் ஓடும். வானொலியில் என்னைத் திருத்திய அண்ணனும் இதை மறுக்க முடியாது. உட்லண்ட்ஸுக்குக் கடைசியாக ஒரு முழுப் பாலம்.

இந்தச் செய்தியை அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். "அஞ்சு நிமிஷமா? அப்ப நான் சோத்த வடிச்சுட்டே போன் பண்றேன், கிளம்பி வாங்க" என்றார்.

பரிசு விவகாரம்: அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொன்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது என் கைக்காசு.

அடுத்த வாரத்துக்கான கேள்வி: நியூசிலாந்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு பாத்திரத்தில் தமிழ் எழுத்து இருந்தது. அது உண்மையில் என்ன பொருள்? விடை தெரிந்தவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்களே தேடட்டும்.